ரயிலடியில் திறந்த இதயம்

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975இல் பெரம்பூரில் நடந்தது. தில்லியில் எய்ம்ஸ் தொடங்கி இருபது ஆண்டு ஆகப்போகிற நேரம் அது. வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய அறுவை நடக்க ஆரம்பித்தே பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும், அடைபட்ட இதயக்குழாயைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப்பாதை தைக்கிற அந்த வேலை நடந்தேறியது, லோகோ ஒர்க்ஸுக்கும் கேரேஜ் ஒர்க்ஸுக்கும் பக்கத்தில், ஃபிட்டரும் கேங்மேனும் படுத்திருந்த ரயில்வே மருத்துவமனையில். செய்தவர் கே.எம். செரியன். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

செரியன் 2025 ஜனவரியில் காலமானபோது வந்த இரங்கல் குறிப்புகளில் பெரம்பூர் என்ற பெயர் ஒரு வரியில் வந்து போனது. அந்த ஒரு வரிக்குள் பெரிய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஏன் பெரம்பூர்? மருத்துவ ஆராய்ச்சிக்கும் கருவித் தயாரிப்புக்கும் தனிப் பூங்கா, தனி மண்டலம், தனித் தொகுப்பு என்று இன்று அரசுகள் திட்டம் போடுகின்றன. அந்தத் திட்டங்களில் வடசென்னை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும், வரவேண்டும்.

அன்றைய பெரம்பூர் எப்படிப்பட்ட ஊர் என்பதிலிருந்து தொடங்குவோம். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பிய காலத்திலேயே இங்கே ரயில்வே பட்டறை வந்துவிட்டது. பிறகு பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று பின்னி கம்பெனியின் இரண்டு பெரிய ஆலைகள். 1918 ஏப்ரலில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பேர்பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தது. செம்பியத்தில் சிம்ப்சன். 1955 அக்டோபர் 2ஆம் தேதி ஐ.சி.எஃப். என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை. காலைச் சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். தமிழர்களோடு ஆங்கிலோ இந்தியர்களும் மலையாளிகளும் தெலுங்கர்களும் ரயில்வே குடியிருப்புகளில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள்.

மருத்துவமனைக்குப் பெரம்பூர் என்று பெயர், இருப்பது அயனாவரத்தில். அது தெற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவமனை. மதுரை, திருச்சி, பாலக்காடு என்று எந்தக் கோட்டத்தில் சிக்கலான நோயாளி இருந்தாலும் கடைசியில் இங்கேதான் ‘ரெஃபர்’ ஆவார். கையில் ரயில்வே பாஸ், பையில் மெடிக்கல் கார்டு, கூடவே தடித்த ஒரு கேஸ் ஷீட். பழுப்பேறிய அந்தத் தாள் கட்டைத்தான் இந்தக் கதையின் நடுவில் வைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேருமுன் கண், காது, நெஞ்சு எல்லாம் சோதித்து எழுதுவார்கள். இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மறுசோதனை என்று விதி உண்டு, ஓட்டுநருக்கும் சிக்னல்காரருக்கும் அது இன்னும் கடுமை. ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது, நெஞ்சுவலி என்று வந்தது, எல்லாம் ஓர் ஆளின் பெயரில் முப்பது வருஷம் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதே மருத்துவமனைக்குத்தான் வருவார். ஆராய்ச்சிக்காரர்கள் தவம் கிடந்து சேர்க்கிற தகவல் ரயில்வேயில் நிர்வாகக் கடமையாகவே சேர்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தகவலை எடுத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரி எஸ்.எல். மல்ஹோத்ரா. இந்தியா முழுதும் பதினோரு லட்சத்துக்கு மேற்பட்ட ரயில்வே ஊழியர்களிடையே நேர்ந்த மரணங்களின் பதிவுகளை அலசி, 1967இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். மாரடைப்பில் இறப்பவர்கள் வடக்கைவிடத் தெற்கில் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம். அதுவும் தெற்கத்தியர் இன்னும் சிறிய வயதிலேயே போகிறார்கள் என்பது அவர் கண்டது. காரணம் எண்ணெயா, நெய்யா, சாப்பிடும் முறையா என்று அவர் சொன்ன விளக்கங்களைப் பிற்காலத்தில் பலர் மறுத்தார்கள். எண்ணிக்கை அப்படியே நின்றது. லண்டனில் பேருந்து ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் இதயநோயில் உள்ள வேறுபாட்டை ஜெரி மாரிஸ் 1953இல் எழுதினார் என்பதை மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம் ரயில்காரர்களைப் பற்றிய மல்ஹோத்ராவின் ஆய்வை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இப்போது 1975க்கு வருவோம். இளம் வயதில் மாரடைப்பு வரும் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் எல்லாரும் வந்து சேரும் ஒரே இடம். செலவு முழுதும் ரயில்வேயுடையது. ‘பணம் கட்டிவிட்டு வா’ என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அறுவை முடிந்த நோயாளி ஐந்து வருஷம் கழித்தும் கண்ணில் படுவார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்ற ஓர் இளம் அறுவை மருத்துவர் இங்கே வந்து நின்றது தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும், அவருக்கு நோயாளியும் அறுவைக் கூடமும் காத்திருந்தது தற்செயல் இல்லை.

அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் செய்து காட்டியது 1967இல். எட்டே வருஷத்தில் அந்த முறை பெரம்பூர் வந்தது. வேலை எளிதானதல்ல. நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, ரத்தத்தை உடம்புக்கு வெளியே ஓர் இயந்திரத்துக்கு எடுத்துச்சென்று, அங்கே பிராணவாயு ஏற்றி, சூட்டைச் சரிபார்த்து, உருளைப் பம்பால் மறுபடி உடம்புக்குள் தள்ளவேண்டும். இதயம் அந்த நேரத்தில் அசையாமல் இருக்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயில், தலைமுடியைவிட மெல்லிய நூலால், கசிவில்லாமல் சுற்றித் தைக்கவேண்டும். பம்ப் நின்றால் நோயாளி போனார். எனவே அறுவை மருத்துவருக்கு இணையாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவரும், மயக்கம் கொடுப்பவரும், இரவெல்லாம் பக்கத்தில் நிற்கும் செவிலியரும் தேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். இப்படி ஒரு குழு ஓர் இடத்தில் உருவாகிவிட்டால் அதன் பயிற்சி சுற்றிலும் பரவும். ‘தொகுப்பு’ என்று திட்ட அறிக்கைகள் சொல்வது நடைமுறையில் இதைத்தான்.

செரியனுக்குச் சற்று முன்பே இன்னொருவர் பெரம்பூர் வழியாகப் போயிருந்தார். எம்.எஸ். வலியத்தான். அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1970களின் தொடக்கத்தில் ரயில்வே மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே கிண்டி ஐ.ஐ.டி.யிலும் உயிர்மருத்துவப் பொறியியல் பக்கம் காலூன்றினார். ஒரு பக்கம் வால்வு கெட்ட நோயாளி, மறுபக்கம் உலோகமும் பாலிமரும் தெரிந்த பொறியாளர். இரண்டுக்கும் நடுவே நகரத்தைக் குறுக்காகக் கடந்துபோன மனிதர்.

இதய வால்வு கெடுவதற்கு நம் ஊரில் முதன்மைக் காரணமாக இருந்தது ருமாட்டிக் காய்ச்சல். ஒண்டுக்குடித்தனத்தில் பத்துப் பேர் நெருங்கிப் படுக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலி வரும். கிருமித் தொற்று. சரியாக மருந்து கொடுக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கும். பிறகு அந்த நோய் சத்தமில்லாமல் இதய வால்வைத் தின்னும். பதினைந்து வயதில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும் பெனிடியூர் ஊசியின் வலியை வடசென்னையில் ஒரு தலைமுறையே அறியும். வால்வு முழுதும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வுதான் வழி. அது அப்போது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலை ஏழைக்கு எட்டாது.

வலியத்தானைக் கேரள முதல்வர் அச்சுத மேனன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் எழுந்தது. உள்நாட்டு வால்வின் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நீலக்கல் படிகத்தில் செய்த தகடுகூடச் சோதனையில் உடைந்தது. மனித இதயம் வருஷத்துக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை தடவை திறந்து மூடியும் தேயாத பொருள் வேண்டுமே. நான்காவது மாதிரி நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரிப்பை ஏற்றது சென்னையின் டி.டி.கே. குழுமம். இன்று டி.டி.கே. சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெஞ்சங்களில் துடித்திருக்கிறது. பெரம்பூரில் ஓர் அறுவைக் கூடமும் கிண்டியில் ஒரு பொறியியல் ஆய்வகமும் ஒருவர் கைக்கு ஒரே நேரத்தில் கிடைத்தபோது என்ன நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது நம்மிடம் தங்காமல் போனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அன்றைய காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ரயில்வே மருத்துவமனையின் கேட் பொதுவாக ரயில்வே குடும்பங்களுக்குத்தான் திறந்தது. அதே தெருவில், சுவருக்கு அப்பால் குடியிருந்த பின்னி மில் நெசவாளிக்கு மாரடைப்பு என்றால் அவர் ஸ்டான்லிக்கோ ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் அதே கதிதான். பட்டறைக்காரரின் உடம்பைப் பற்றி முப்பது வருஷப் பதிவு இருந்தது. மூட்டை தூக்கியவரின் உடம்பைப் பற்றி ஒரு சீட்டுகூட இல்லை.

அந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஸ்டான்லி. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் அதன் வேர் இருக்கிறது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று பழைய வண்ணாரப்பேட்டைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டான்லி என்ற ஆளுநர் பெயரைப் பெற்று, 1938இல் மருத்துவக் கல்லூரியானது. சுற்றிலும் எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., 1964க்குப் பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. இவற்றுக்கு உதிரிபாகம் அடித்துக்கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் இரவும் பகலும் ஓடும். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் டை இறங்கிவிடும். ‘பிரஸ்ல விரல் போய்டுச்சு’ என்று வருகிறவர்களுக்காக ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் கை அறுவைக்கென்றே ஒரு பிரிவைக் கட்டினார். பிறகு அது கைக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்து நாடெங்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சிக்கூடமானது.

துண்டான விரல் வந்து சேரும் விதத்தைப் பார்த்தால் ஆராய்ச்சி என்பது எவ்வளவு தெருவோடு ஒட்டியது என்று புரியும். பதறிப்போய் ஐஸ் பெட்டிக்குள் விரலை அப்படியே போட்டுக் கொண்டுவருவார்கள். நேரடியாகப் பனிக்கட்டி பட்டால் திசு வெந்தது மாதிரி கெட்டுப்போகும். பிறகு எந்த நிபுணராலும் ஒட்டவைக்க முடியாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்கவேண்டும். இதை ஃபோர்மேனுக்கும் ஆட்டோக்காரருக்கும் சொல்லிக்கொடுத்தால் ஒரு புது நுண்ணோக்கி வாங்குவதைவிட அதிக விரல்கள் பிழைக்கும். வந்து சேர்ந்த பிறகு மேஜை மேல் பல மணிநேரம்: எலும்பைக் கம்பியால் பொருத்தி, தசைநாரை இழுத்துத் தைத்து, ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயை நுண்ணோக்கிக்கு அடியில் இணைத்து, நரம்பை நேருக்கு நேர் வைத்து, வெளுத்த விரல் நுனி மெல்லச் சிவக்கிறதா என்று காத்திருப்பார்கள். இந்தக் கைப்பழக்கம் ஸ்டான்லிக்கு அம்பத்தூரும் எண்ணூரும் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் வி. ரமாதேவி தலைமையிலான குழு, மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் அதுவரை நடக்காத காரியம். நாற்பது வருஷ விரல் கணக்கின் மேல் நின்று செய்தது.

ராயபுரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஸ்டான்லியில் 1948இலேயே நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியவர் எம். விசுவநாதன். பிறகு ராயபுரத்திலேயே நீரிழிவு மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் நிறுவினார். அங்கிருந்து ஏ. ராமச்சந்திரனும் சகாக்களும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர். மருந்தே கொடுக்காமல் நடையும் சாப்பாடும் மாற்றிய குழுவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 26.4 சதவீதம். இரண்டும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வரும் நம் மக்களுக்கு மேல்நாட்டு ஆய்வு பொருந்துமா என்ற கேள்விக்கு ராயபுரத்தின் மாதா சர்ச் தெருவிலிருந்து பதில் போனது. கால் புண் அழுகி விரலை எடுக்கவேண்டி வருகிறவர்களுக்கான சிகிச்சை, செருப்பு முதற்கொண்டு, அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

ஆக, பெரம்பூரில் இதயம், ஸ்டான்லியில் கை, ராயபுரத்தில் சர்க்கரை. அயனாவரத்தில் 1794இல் வேர் கொண்ட மனநல மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பக்கத்திலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. இத்தனையும் ஒரு சைக்கிள் தூரத்துக்குள். யாரும் ‘தொகுப்பு’ என்று பெயர் வைக்கவில்லை, திட்ட அறிக்கை எழுதவில்லை. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவும் இல்லை. ரயில்வே மத்திய அரசு, ஸ்டான்லி மாநில அரசு, ஈ.எஸ்.ஐ. வேறு துறை, நீரிழிவு மையம் தனியார். ஒரு கட்டடத்தின் கேஸ் ஷீட் இன்னொரு கட்டடத்துக்கு நகரவே இல்லை.

மாற்றம் 1983இல் தொடங்கியது. கிரீம்ஸ் சாலையில் அப்போலோ திறந்தது. 1987இல் முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதய நிறுவனம். அதைக் கட்டியெழுப்பியவர் செரியனேதான். அவர் பெரம்பூரை விட்டுப் போனதை நான் குறை சொல்லமாட்டேன். அரசுக் கொள்முதல் விதிகளோடு மல்லுக்கட்டிச் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. இருதய மாற்று, குழந்தைகளின் பிறவிக் கோளாறு என்று அவர் பிறகு செய்தவை பல உயிர்களைக் காத்தன. ஆனால் நிபுணர்கள் போன திசை மேற்கும் தெற்குமாகவே இருந்தது. 1996இல் பின்னி ஆலைகள் மூடின. சங்குச் சத்தம் குறைந்த ஊரில் இப்போது அந்த ஆலை நிலத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. 2004இல் தரமணியில் டைசல் உயிரியல் பூங்கா வந்தது. பின்னாலேயே ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, 2011இல் அதன் மருத்துவத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம். ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா. மத்திய அரசு நாட்டில் நான்கு மாநிலங்களுக்கு மட்டும் ஒப்புதல் தந்த திட்டத்தில் ஒன்று. எல்லாம் நல்ல காரியங்கள். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கூவத்துக்கு வடக்கே வெறுமையாக இருக்கிறது.

வடக்கே ஒரு முயற்சி நடந்தது. அதுவும் செரியனுடையதே. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் பக்கம், நூற்றுக்கணக்கான ஏக்கரில், ஃபிரான்டியர் மெடிவில் என்ற மருத்துவ அறிவியல் பூங்கா. மருத்துவமனை, விலங்குச் சோதனைக்கூடம், மாட்டின் இதய உறையைப் பதப்படுத்தி மனிதருக்குப் பொருத்தும் திசுப்பொருள் தயாரிப்பு, உயிரி ஆய்வகம் எல்லாம் ஒரே வளாகத்தில் என்பது கனவு. கனவு கண்ட அளவில் அது எழவில்லை. நெடுஞ்சாலையோரம் நிலமும் கட்டடமும் கிடைத்தன. பெரம்பூரில் தானாகக் கிடைத்த ஒன்று மட்டும் அங்கே இல்லை: தினமும் கேட்டைத் தாண்டி வரும் நோயாளிக் கூட்டமும், அவர்களின் செலவை ஏற்கும் ஒரு முதலாளியும்.

இன்றைய ரயில்வே மருத்துவமனைக்கு வருவோம். மெடிக்கல் கார்டு போய் யூமிட் அட்டை வந்துவிட்டது. பேரப்பிள்ளை போனில் திறந்து காட்டுகிறான். இதய அறுவை இப்போதும் நடக்கிறது. கேட் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அப்பல்லாம் ஒர்க்ஸ் கேட்ல நின்னு எண்ணினா நூத்துக்கு நூறும் நம்ம கார்டு தம்பி. இப்ப உள்ள போறதுல பாதிப் பேரு கான்ட்ராக்ட் பசங்க. அவனுங்களுக்கு இங்க இன்னா இருக்கு, ஈ.எஸ்.ஐ.க்குத்தான் போவணும்” என்றார். அவர் சொன்ன பாதி என்ற கணக்கை நான் சரிபார்க்கவில்லை. ஆனால் மல்ஹோத்ராவின் ஆய்வை நடத்த முடிந்த அஸ்திவாரம் எப்படிக் கரைகிறது என்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளி இந்த வருஷம் ஐ.சி.எஃப்., அடுத்த வருஷம் மணலி, அதற்கடுத்து ஒரகடம். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. உணவு டெலிவரி வண்டி ஓட்டப் போனால் எதுவுமே இல்லை. அவன் உடம்பின் கதையை முப்பது வருஷம் எழுதி வைப்பவர் யார்?

சிகிச்சைக்கான வழி முன்பைவிட அகலமாகியிருக்கிறது என்பதை மறுக்கவே கூடாது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழியில் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மூட்டை தூக்குகிறவருக்கும் பைபாஸைச் சாத்தியமாக்கின. 1975இல் சுவருக்கு அப்பால் நின்ற நெசவாளியின் பேரனுக்கு இன்று கதவு திறக்கிறது. கொளத்தூர் பெரியார் நகரில் 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய பெரியார் அரசு மருத்துவமனை 2025 பிப்ரவரியில் திறந்தது. பெரம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு ஷேர் ஆட்டோ தூரம். படுக்கை கிடைக்கிறது, ஸ்கேன் கிடைக்கிறது. ஆராய்ச்சி கிடைக்கிறதா என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் வடசென்னையின் உடம்பு இன்று வேறு கேள்விகளைக் கேட்கிறது. எண்ணூரில் அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய்க் கசடைத் தொழிலாளர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சில நாளில் வீடு திரும்பினார்கள். அவர்களின் நுரையீரல் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும்? எண்ணெய் அள்ளிய கைகளுக்குச் சொந்தக்காரர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 2020 கோடையில் கொரோனாத் தொற்றில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலம் முதலிடத்தில் நின்றது. அங்கே பிழைத்தவர்களின் இதயம் இன்று எப்படி இருக்கிறது? இவை தரமணியின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் பதில் கிடைக்கும் கேள்விகள் அல்ல.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற சிறு நகரத்தின் 5,209 பேரை 1948 முதல் தொடர்ந்து பரிசோதித்ததில்தான் புகையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் மாரடைப்பின் வேர்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த ஊருக்குப் பெரிய ஆய்வகம் எதுவும் முதலில் வரவில்லை. விட்டுப்போகாமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்த பிடிவாதம்தான் வந்தது. பெரம்பூர் முதல் எண்ணூர் வரையிலான பகுதிக்கு அப்படியொரு நீண்டகால ஆய்வு வேண்டும். ஸ்டான்லி, ரயில்வே, ஈ.எஸ்.ஐ., பெரியார் மருத்துவமனை நான்குக்கும் நோயாளியின் ஒப்புதலோடு ஒரே எண், நான்குக்கும் சேர்த்து ஓர் அறநெறிக் குழு. நூல் நுனியிலிருந்து ரயில்பெட்டி வரை கையால் செய்யத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் இது; வந்தே பாரத் ரயிலின் முதல் தொடரை ஒன்றரை ஆண்டில் கட்டிக் கொடுத்த ஐ.சி.எஃப். இங்கேதான் இருக்கிறது. செயற்கைக் கையின் விசையையும், பிரஸ்ஸில் கை போகாமல் தடுக்கும் உணர்கருவியையும், சர்க்கரைப் புண்ணுக்கான செருப்பையும் இங்கே வடிவமைக்க ஒரு பட்டறை ஸ்டான்லி வளாகத்துக்குள்ளேயே இருக்கவேண்டும், மருத்துவரும் டர்னரும் ஒரே மேஜையில் உட்காரும்படி.

இதற்கு நிலம் கையகப்படுத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைப் பரிசோதனைக் கருவியும் எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்ற திட்டம். எண்ணூர்க் குப்பங்களிலும் வியாசர்பாடிக் குடியிருப்புகளிலும் அவர்களுக்கு எந்த வீட்டில் யார் இருமுகிறார் என்று தெரியும். அவர்கள் பைக்குள் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறிய கருவி ஒன்றைக் கூடுதலாக வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ரத்த மாதிரி எடுக்க ஏற்பாடு செய்து, அந்தப் பதிவுகளை அழியாமல் சேர்த்து வைத்தால், அன்று பட்டறைக்காரருக்கு மட்டும் கிடைத்த முப்பது வருஷக் கேஸ் ஷீட் இந்த முறை சுவருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் கிடைக்கும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு தலைப்பு ஒதுக்கலாம். ஆய்வை நடத்தும் முதல் அலுவலகத்தை எண்ணூரிலேயே திறக்கலாம்.